ஃபெண்டர் ரம்பிள் 500: திருவிழா மேடைக்குப் போதுமா?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் வட்டாரத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு பேஸ் கிட்டார் வாசிக்கும் நான், இரண்டு ஆண்டுகளாக இந்த ஆம்ப்ளிஃபயரையே நம்பியிருக்கிறேன். எடை ஏறத்தாழ 16.6 கிலோதான், ஒற்றை ஆளாகவே வேனில் ஏற்றிவிடலாம்.

வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) கணக்கு. உள்ளே இருக்கும் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களும் சேர்ந்து 8 ஓம் என்பதால் 350 வாட்தான் வெளிப்படும். இன்னொரு 8 ஓம் கேபினெட்டை (தனி ஸ்பீக்கர் பெட்டியை) இணைத்து மொத்தத்தை 4 ஓமாக்கினால்தான் முழு 500 வாட்டும் கிடைக்கும். திறந்தவெளித் திடலுக்கு அது கட்டாயம் வேண்டும். 15 அங்குல கேபினெட் ஒன்றைச் சேர்த்த முதல் இரவில், 41 ஹெர்ட்ஸில் அதிரும் இ கம்பியைத் தட்டியதும் மேடைப் பலகை என் காலடியில் நடுங்கியது. டிரம்ஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள். மெல்லிய கிட்டார் கேபிள் சூடேறி ஆம்ப்ளிஃபயரையே கெடுத்துவிடக்கூடும்.

காலால் இயக்கும் பெடல்களில் எனக்கு, சுருதி சேர்க்கும் டியூனரும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸரும் போதும். டிஸ்டார்ஷன் (கரகரப்பான ஒலி) விரும்புவோர், மூல ஒலியையும் கலந்து தரும் பெடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது, இல்லையெனில் அடிநாதம் மெலிந்துவிடும். மிக்ஸருக்குப் போகும் ஒலியில் ஜெனரேட்டர் இரைச்சல் கலந்தால், பின்புறமுள்ள கிரவுண்ட் லிஃப்ட் (மிக்ஸருக்குப் போகும் கேபிளின் தரை இணைப்பை விலக்கும்) பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.