தங்க எழுத்து போட்ட பச்சைக் கிட்டார்

மூன்று வருடமாக என்னிடம் இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார் இது. கம்பெனி பெயர் வேண்டாம். பெரிய கம்பெனிதான், அதன் விலை குறைந்த வரிசை. வெளிறிய பச்சை நிறம், தந்தி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் அதே பச்சை. ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் தங்க எழுத்தில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று இருக்கும். அந்த இரண்டு வார்த்தைக்காகச் சாதாரண மாடலைவிட இருபது சதவீதம் அதிகம் கொடுத்தேன். வாசிக்கவும் ஆச்சு, நாளைக்கு விற்றாலும் லாபம் என்று ஒரு கணக்கு.

வாசிக்கிற விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். வாங்கிய புதிதில் நட், அதாவது ஹெட்ஸ்டாக் ஓரம் தந்திகள் உட்காரும் பள்ளம் வெட்டிய சின்னப் பட்டை, உயரமாக இருந்தது. நெக்கில் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்களில் முதலாவதில் எஃப் கார்டு பிடித்தால் சுருதி ஏறிவிடும். பள்ளங்களைக் கொஞ்சம் அரம் வைத்து இறக்கியதும் சரியாகிவிட்டது. நெக் நல்ல மரம், அதன் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியை இத்தனை நாளில் இரண்டு முறைதான் திருகியிருக்கிறேன். தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்களில், வால்பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாகப் போட்டால் கீச்சென்று இருக்கும், நடு பிக்கப்போடு சேர்த்தால் மணி மாதிரி. ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன்.

அப்புறம் அந்தத் தங்க எழுத்து. நண்பனிடம் இதே வரிசையின் சாதாரண கறுப்பு மாடல் இருக்கிறது. ஒருநாள் இரண்டையும் மேசையில் கிடத்தி, தந்திகளைக் கழற்றி, முன்பக்கத் தகடான பிக்கார்டுகளைத் திறந்து பார்த்தோம். ஒரே பிக்கப், ஒரே ஸ்விட்ச். வால்யூம் குமிழுக்கு அடியில் அச்சடித்திருந்த பார்ட் நம்பர்கூட ஒன்றேதான். மரத்தில் குடைந்த குழியின் ஓரத்தில் கட்டர் விட்டுப்போன சின்னக் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. ஒரே மெஷின், ஒரே புரோகிராம். பெயின்ட் டப்பா மட்டும் வேறு. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே ஸ்க்ரூக்களை மாட்டினான்.

தொழிற்சாலைப் பக்கம் இருந்து பார்த்தால் இதில் தப்பும் இல்லை. உடலும் நெக்கும் எப்போதும்போலத் தயாராகி வருகின்றன. கடைக்காரர்கள் ஒரு நிறத்துக்குச் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் அதில் ஒரு பங்கு அந்த நிறத்துக்குப் போகும். ஆர்டர் முடிந்தால் எண்ணிக்கையும் முடிந்தது. எத்தனை என்று முன்கூட்டியே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. என் கிட்டாரின் சீரியல் நம்பர் எந்த வருடம் செய்தது என்று சொல்லும், இத்தனையில் எத்தனையாவது என்று சொல்லாது. நான் வாங்கி ஒன்றரை வருடம் கழித்து அதே பச்சை வேறொரு பெயரில் வழக்கமான வரிசைக்கே வந்துவிட்டது. லிமிட் நிறத்துக்கு இல்லையாம், அந்தப் பெயருக்குத்தானாம்.

எண்ணிக்கையைச் சொல்லி, சொன்னபடி நடந்தவர்களும் உண்டு. அமெரிக்க கிட்டார் கம்பெனி மார்ட்டின் 1995இல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் 000-42இசி என்ற மாடலைக் கொண்டுவந்தபோது 461தான் என்றார்கள், அதோடு நிறுத்தினார்கள். பிறகு அவர் பெயரிலேயே 000-28இசி என்று அலங்காரம் குறைந்த ஒன்று வழக்கமான தயாரிப்பாக வந்தது. ஆனால் அந்த 461இல் கை வைக்கவில்லை. இப்படி இருந்தால் கூடுதல் காசு கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

விசேஷம் என்று பெயர் வைத்தால் மட்டும் ஆகிவிடாது. தன் புகழ்பெற்ற எலக்ட்ரிக் கிட்டார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்து 25 வருடம் ஆனதற்காக 1979இல் ஃபெண்டர் கம்பெனி ஓர் ஆண்டுவிழா மாடல் போட்டது. முதலில் அடித்த முத்து வெள்ளை பெயின்ட் வெடித்துப் போனதால் வெள்ளி நிறத்துக்கு மாறினார்கள். ஆயிரக்கணக்கில் செய்தார்கள். 1954இல் எந்த விழாவும் இல்லாமல் வந்த ஸ்ட்ராட்டின் பக்கத்தில் விலையில் அது நிற்க முடியாது.

உண்மையிலேயே விலை ஏறியவற்றைப் பார்த்தால் பாதி, அந்தக் காலத்தில் சரியாக விற்காத சரக்கு! 1958 முதல் 1960 வரை வந்த, நடுவில் வெளிறி ஓரத்தில் கருக்கும் சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் எலக்ட்ரிக் கிட்டார் சுமார் 1,500தான் இருக்கும். விற்பனை மந்தம் என்று அதைச் செய்த கிப்சன் கம்பெனி அந்த வடிவத்தையே கைவிட்டு வேறொன்றுக்குப் போய்விட்டது. அறுபதுகளின் நடுவிலிருந்து மைக் புளூம்ஃபீல்ட், கிளாப்டன் மாதிரி கிட்டார் கலைஞர்கள் எடுத்து வாசித்த பிறகுதான் எல்லாரும் தேடினார்கள். இன்று லட்சக்கணக்கான டாலர். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை மார்ட்டின் செய்த டி-45 என்ற அலங்கார மாடல் மொத்தம் 91. பொருளாதாரம் படுத்திருந்த காலத்தில் அந்த விலைக்கு அவ்வளவு பேர்தான் கேட்டார்கள். இவை எதிலும் லிமிடெட் என்ற எழுத்து கிடையாது.

போன மாதம் என் கிட்டாரை விற்கப் பார்த்தேன். வந்த பையன் முதலில் கேட்டது, “அண்ணா, ஃபிரெட் எவ்வளவு தேஞ்சிருக்கு?” அடுத்து, கேஸ் ஒரிஜினலா, சர்டிபிகேட் இருக்கா. இருந்தது, கெட்டி அட்டை, அச்சடித்த கையெழுத்து. திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல நம்பரே இல்லையே அண்ணா?” பின்பக்கம் பெல்ட் பக்கிள் போட்ட கீறல்களை விரலால் தடவினான். அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் அவை இருந்திருக்காது, ஆனால் வாசிக்காத கிட்டார் எனக்கு எதற்கு? கடைசியில் செகண்ட் ஹேண்டில் சாதாரண மாடல் என்ன விலைக்குப் போகிறதோ அதைச் சொன்னான். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தான், தங்க எழுத்துக்காக இல்லை, பச்சை பிடித்திருக்கிறதாம்.

நான் கொடுக்கவில்லை. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் மாற்றலாம் என்று இருக்கிறேன்.