ஒரு கைபேசி, ஒரு ஸ்பீக்கர், ஆறு ஆண்டுகள்: ஆங்கில வகுப்பில் இணைய வளங்களைப் பயன்படுத்திய அனுபவம்

குடியாத்தத்திற்கு அருகில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். 2019 ஜூன் முதல், கொரோனாவால் பள்ளி மூடியிருந்த மாதங்கள் நீங்கலாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வளங்களை ஏறக்குறைய வாரந்தோறும் வகுப்பறைக்குள் கொண்டு சென்று பார்த்திருக்கிறேன். என் கைபேசி, சொந்தப் பணத்தில் வாங்கிய ஒரு புளூடூத் ஸ்பீக்கர், கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடை ஆகியவைதாம் பெரும்பாலான நாட்களில் என் கருவிகள். இவற்றைக் கொண்டு எதைத் தொடர்ந்து செய்ய முடிந்தது, எதை விட்டுவிட நேர்ந்தது என்பதை, இதே நிலையில் உள்ள ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

என் வகுப்பில் சரிபாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள். பள்ளிக்கு வந்துதான் தமிழை எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பெற்றோர் லுங்கித் தறியிலும் தீப்பெட்டி வேலையிலும் பீடி சுற்றுவதிலும் இருப்பவர்கள். வீட்டில் கைபேசி உண்டு; ஆனால் அது அப்பாவோடு காலையில் புறப்பட்டு இரவில்தான் திரும்பும். ஆகவே, "வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி வைக்கும் எந்தத் திட்டமும் எங்களுக்குப் பொருந்தவில்லை. எந்த வளத்தை எடுத்தாலும் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஸ்பீக்கரை அணைத்த பிறகு, பின்வரிசைப் பிள்ளையின் வாயிலிருந்து சொந்தமாக ஒரு வாக்கியம் வருகிறதா? இந்தக் கேள்விக்கு நெடுநாள் விடை தேடியதில், பளபளப்பான பல வளங்கள் உதிர்ந்துபோயின.

முதலில் ஒலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் ஆறாம் வகுப்புப் பாடநூல்களைத் திருப்பிப் பார்த்தபோது, ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதப்பட்டிருந்தது. கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்வழியில் படித்த நானும் அவ்வாறே எழுதிப் படித்தவன். ஆனால் அதில் உள்ள சிக்கல் பெரியது. பன்றியைக் குறிக்கும் சொல்லும் பெரியது என்று பொருள்படும் சொல்லும் தமிழில் 'பிக்' என்றே எழுதப்படுகின்றன. படித்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே ஒலியாகப் பதிந்துவிடுகின்றன. "இரண்டுக்கும் அதே 'பி'தானே சார், நீங்கள் மட்டும் ஏன் வேறு வேறாகச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒலிவழிக் கற்பித்தலைத் தேடத் தொடங்கினேன்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26 என்றாலும் ஒலிகள் சுமார் 44. ஒலிகள் வழியாக வாசிப்பைக் கற்பிக்கும் ஜாலி ஃபோனிக்ஸ் முறை 42 ஒலிகளை ஏழு தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் தொகுதியில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகள் மட்டும் வருகின்றன. இந்த ஆறைக் கொண்டே சிட், பின், டின், ஆன்ட் எனப் பல சொற்களைப் பிள்ளைகள் தாமாகக் கூட்டிப் படிக்க முடியும் என்பதுதான் இவ்வரிசையின் பயன். யூடியூபில் இதற்கான காணொளிகள் ஏராளம். ஆயினும் அவற்றுள் பல, மெய்யொலியோடு ஓர் அகரத்தையும் சேர்த்து 'ப', 'ட' என்று உச்சரிக்கின்றன. அப்படிக் கேட்ட பிள்ளை மூன்று ஒலிகளைக் கூட்டும்போது 'பஇன' என்று தடுமாறி நிற்கிறது. ஒரு முழுப் பருவம் வீணான பிறகே இதன் காரணம் எனக்குப் பிடிபட்டது. அதற்கான தீர்வு எங்கள் கையிலேயே இருந்தது. "புள்ளி வைத்த எழுத்தாகச் சொல்லுங்கள்" என்றேன். ப், ட், ன் என்று உடனே சொன்னார்கள். மெய்யெழுத்தை உயிரிலிருந்து பிரித்துக் கேட்கும் பயிற்சி தமிழ் படித்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலேயே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலக் குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட காணொளிகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

அதிர்வொலிகளுக்கும் தமிழிலிருந்தே வழி கிடைத்தது. பம்பரம் என்ற சொல்லில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒலியில் வேறு. பட்டம், வண்டி ஆகிய சொற்களில் டகரமும் அவ்வாறே. தொண்டையில் கைவைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எங்கே அதிர்கிறது, எங்கே அதிரவில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு அவர்கள் மொழியின் எழுத்திலேயே உண்டு. வழக்கமாக வாய் திறக்காத அவர்கள் அன்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது நான் காணொளியில் ஒலியை ஒருமுறை மட்டும் கேட்க வைத்துவிட்டு, எஞ்சிய நேரத்தை அட்டைகளோடும் தொண்டையில் வைத்த கைகளோடும் கழிக்கிறேன். என் சொந்த உச்சரிப்பில் ஐயம் எழும்போதெல்லாம் கேம்பிரிட்ஜ் அகராதியின் தளத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்புகள் இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன். முந்தைய இரவில் இதற்குச் செலவிடும் பத்து நிமிடத்தை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

இந்த ஆறு ஆண்டுகளில் என் வகுப்பை மிகுதியாக மாற்றிய தளம் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய இத்தளத்தில், படங்களோடு கூடிய குழந்தைக் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் உள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுவதால், பதிவிறக்கவும் அச்சிடவும் மொழிபெயர்க்கவும் தடையில்லை. ஒரே கதை ஆங்கிலத்திலும் தமிழிலும், பல நேரங்களில் தெலுங்கிலும் உருதுவிலும் கிடைக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

இதைப் பயன்படுத்தும் விதத்தை இரண்டு முறை மாற்றினேன். தொடக்கத்தில் தமிழ்க் கதையை முதலில் கொடுத்து, பின்னர் ஆங்கிலத்தைக் கொடுத்தேன். கதை ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் ஆங்கிலப் பக்கத்தைப் பிள்ளைகள் படிக்காமலே படித்ததாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஆங்கிலத்தை மட்டும் கொடுத்தேன். பாதிப் பேர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். 2022-இலிருந்து படங்களை மட்டும் முதலில் காட்டுகிறேன். சொற்களை மறைத்த பக்கங்களைப் பார்த்து, கதை என்னவாக இருக்கும் என்று அவரவர் வீட்டு மொழியில் பேசிக்கொள்ள விடுகிறேன். பிறகு ஆங்கிலப் பக்கங்களை இருவர் இருவராகப் படிக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் மறுநாள் வருகிறது. அப்போது அது விடைத்தாளைப் போல் ஆகி, "நான் நினைத்தது சரிதான்" என்ற மகிழ்ச்சியோடு படிக்கப்படுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையாயினும் முதல் நிலைக் கதையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதையும் இந்த மாற்றங்களுக்கிடையேதான் கற்றேன். வகுப்புக்கு ஏற்ற நிலை என்று எண்ணி மூன்றாம் நிலையைக் கொடுத்த மாதங்களில் வாசிப்பு வளரவில்லை.

அச்சுச் செலவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வது நல்லது. வண்ணத்தில் அச்சிடுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் இருண்ட படங்கள் மங்கிவிடுகின்றன. கோட்டோவியம் அதிகமுள்ள கதைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கங்களை ஒரே தாளில் அச்சிட்டு, நடுவில் நூல் கோத்துத் தைத்து வைக்கிறோம். இப்படிச் சேர்த்த கதைப் புத்தகங்கள் இப்போது வகுப்பறைக் கயிற்றில் தொங்குகின்றன. மதிய உணவு நேரத்தில் யாரும் சொல்லாமலே அவற்றை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது.

வாய்விட்டு வாசிக்க கூகுளின் ரீட் அலாங் செயலி உதவியது. 2019-இல் போலோ என்ற பெயரில் வந்த இச்செயலியில், தியா என்ற பாத்திரம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரியானதைப் பாராட்டும்; தடுமாறினால் சொல்லிக் கொடுக்கும். கதைகளை முன்கூட்டியே இறக்கிவைத்தால் இணையம் வேண்டாம். எங்கள் பள்ளி மலையடிவாரத்தில் இருப்பதால் சிக்னல் ஒரு மூலையில்தான் கிடைக்கும்; ஆகவே இந்த வசதி எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆனால் ஒரே கைபேசி என்பதால் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நிமிடம்தான் முறை வரும். அதுவும் வராந்தாவில் அமைதியான இடம் வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது மிகுந்த துணிவைத் தந்தது; நாற்பது பேர் முன்னால் வாசிக்க நடுங்கும் சிறுமி தியாவிடம் தயங்காமல் வாசித்தாள்.

கொரோனா காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2021 நவம்பர் 1 அன்று எங்கள் வகுப்புகள் மீண்டும் திறக்கும்வரை, கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுவும்தான் துணை. அந்த நாட்களில் இருந்து இன்றும் நான் விடாமல் வைத்திருப்பது வாய்ஸ் நோட் மட்டுமே. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிப்பதை ஜூனிலும் நவம்பரிலும் மார்ச்சிலும் பெற்றோர் ஒப்புதலோடு பதிவு செய்து, அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறேன். ஜூன் பதிவையும் மார்ச் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்ட பிள்ளையின் முகத்தில் தெரியும் மலர்ச்சியை எந்த மதிப்பெண் பட்டியலும் தந்ததில்லை.

செயல்பாடுகளில் முதலிடம் ஓட்டச் சொல்வதெழுதலுக்கு. வராந்தாச் சுவரில் ஐந்து வாக்கியங்களை ஒட்டிவிடுவேன். இணையில் ஒருவர் ஓடிச் சென்று படித்து, நினைவில் வைத்துத் திரும்பி வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பாதியில் முறை மாறும். முதல் சில வாரங்கள் இது வெறும் கூச்சலாக இருந்தது. பிள்ளைகள் எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தார்கள். "எழுத்தைச் சொல்லக் கூடாது, வாக்கியத்தை மட்டுமே சொல்ல வேண்டும், புரியாவிட்டால் ஆங்கிலத்திலேயே மறுபடி கேட்க வேண்டும்" என்ற ஒரு விதியைச் சேர்த்ததும் செயல்பாட்டின் தன்மையே மாறியது. இரண்டு சொல்லோடு திரும்பி ஓடியவர்கள், பருவ முடிவில் ஆறேழு சொற்களை ஒரே மூச்சில் சுமந்து வந்தார்கள். மொழியைச் சொல்லாக அல்லாமல் தொடராகப் பிடித்துவைக்கும் திறன் இப்படித்தான் வளர்கிறது என்று நம்புகிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்னரே சொல்லிவிடுவது அவசியம். சனிக்கிழமை வேலைநாட்களில் இதை வைத்துக்கொண்டால் இடையூறு குறைவு.

வழி சொல்லும் பயிற்சிக்கு, பிரிட்டிஷ் கவுன்சிலின் டீச்சிங் இங்கிலீஷ் தளத்தில் உள்ள பாடத்திட்டங்களின் அமைப்பை எடுத்துக்கொண்டு, வரைபடத்தை மட்டும் எங்கள் மாவட்டத் தலைநகரான வேலூருக்கு மாற்றினேன். அங்குள்ள வரைபடங்களில் வரும் அஞ்சலகமும் பூங்காவும் பிள்ளைகளுக்கு எந்தத் தேவையையும் உணர்த்தவில்லை. நான் வரைந்த வேலூர் வரைபடத்தில் காட்பாடி ரயில் நிலையம், சிஎம்சி மருத்துவமனை, கோட்டை, லாங் பஜார் ஆகியவை இருந்தன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வழி கேட்டு நிற்பதை எங்கள் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் நோயாளியின் உறவினராகவும் மற்றவர் ஆட்டோ ஓட்டுநராகவும் நின்று பேச வேண்டும். இருவர் கையிலும் உள்ள வரைபடங்களில் வெவ்வேறு இடங்கள் விடுபட்டிருக்கும். ஒருவர் வாய் திறந்து கேட்டால்தான் மற்றவர் வரைபடம் நிறையும். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள், தன் தந்தை அங்கே இந்தியில் சமாளிப்பதைச் சொல்லிவிட்டு, அதே உரையாடலை ஆங்கிலத்தில் நடத்திக் காட்டினாள். பின்னர் கோட்டைக்கு அழைத்துச் சென்றபோது, அகழியருகே நின்று ஜலகண்டேசுவரர் கோயிலுக்கும், 1846-இல் கட்டப்பட்ட தூய ஜான் தேவாலயத்துக்கும், அரசு அருங்காட்சியகத்துக்கும் அவர்களே ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் வழி சொன்னார்கள்.

விட்டுவிட்டவற்றையும் குறிப்பிட வேண்டும். வினாடி வினா விளையாட்டுத் தளங்களில் பிள்ளைகள் உற்சாகமாகக் கைதூக்கினார்கள். ஆனால் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வாக்கியமும் பேச வேண்டியிருக்கவில்லை. ஒரு சந்தா செயலிக்கு ஓராண்டுக்குப் பணம் கட்டினேன். மூன்றாம் மாதத்திலிருந்து அதே பயிற்சிகள் வேறு படங்களோடு திரும்ப வந்தன. கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சித்தாள்களை அச்சிடுவதையும் நிறுத்திவிட்டேன். 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் குறியீடுகள் பாடங்களுக்கான காணொளிகளும் ஒலிப்பதிவுகளும் உள்ள தீக்ஷா என்ற அரசுத் தளத்துக்கு இட்டுச்செல்கின்றன. அவற்றில் பாடல்களின் ஒலிப்பதிவுகளை நான் என் தயாரிப்புக்குப் பயன்படுத்துகிறேன், வகுப்பில் முழுக் காணொளியாக ஓடவிடுவதில்லை.

பின்னாளில் பள்ளிக்கு ஸ்மார்ட் பலகை வந்தது. பெரிய திரையில் கதைப் படங்களைக் காட்ட அது மிகவும் உதவுகிறது. அதற்கு மேல் என் வகுப்பு நடக்கும் முறையை அது மாற்றவில்லை.

இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், 2022-இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள். கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக அமர்ந்தும் பாடியும் ஆடியும் ஆங்கிலம் தொடங்கியவர்கள் என்பதால், இருவர் இருவராகப் பேசுங்கள் என்றால் இவர்கள் விழிப்பதில்லை. முன்பு பழக்கப்படுத்தவே எனக்கு ஒரு பருவம் ஆகும். ஆகவே இவ்வாண்டு ஓட்டச் சொல்வதெழுதலை ஜூலையிலேயே தொடங்கிவிட்டேன். ஒலி அட்டைகளை இன்னும் தடுமாறும் ஒன்பது பிள்ளைகளுக்கு மட்டும் மாலையில் தனியாக வைத்துக்கொள்கிறேன். ஜூன் மாதக் குரல் பதிவுகள் கைபேசியில் இருக்கின்றன. கயிற்றில் தொங்கும் கதைகளை இவர்கள் விரைவாக முடித்துவிடுவதால், அரையாண்டு விடுமுறையில் இரண்டாம் நிலைக் கதைகளில் புதிதாகச் சிலவற்றை அச்சிட்டுத் தைக்க வேண்டும்.