முப்பந்தல் காற்றாலை வேலையில் ஸ்லாக்: நான்கு வருடப் பயன்பாடு

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற குழுவுக்கு, நாகர்கோவில் அலுவலகத்தில் இருந்து வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. 2021 ஜூனில் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு, வேலைக் குழுக்கள் செய்தி அனுப்பிக்கொள்ளும் செயலியான ஸ்லாக்குக்கு வந்தோம். ஆடிக் காற்று கணவாய் வழியாகப் பாயும் நேரத்தில் ஒரு மெசின் வீணாக நின்றால் உற்பத்தி நஷ்டம். ஆனால் பழுது பார்க்க ஆள் ஏறுவதற்காக நிற்க வேண்டிய மெசின் எது என்பதில் குழப்பம் வந்தால், போவது ஆளின் உயிர்.

தொடக்கத்தில் பழைய பழக்கமே ஓடியது. "அண்ணே" என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போம். கோபுர உச்சியில் நாசெல்லுக்குள் (கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும் பெட்டி) இருப்பவர் கையுறையைக் கழற்றி ஃபோனை எடுத்துப் பார்த்தால், அந்த ஒரு சொல்தான் இருக்கும். இப்போது இப்படி எழுதுகிறோம்: "அண்ணே, 17ஆம் மெசின்ல யா மோட்டார் எரர் காலைல ரெண்டு தடவ வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள பாத்தா போதும்." (யா மோட்டார் என்பது காற்று வரும் பக்கம் காற்றாலையின் தலையைத் திருப்புவது.) எந்த மெசின், என்ன கோளாறு, எப்போதைக்குள் என்பது எல்லாம் ஒரே செய்தியில் வந்துவிடும். வணக்கம் சொல்லவில்லை என்று யாரும் வருத்தப்பட்டதில்லை.

ஒரு செய்திக்கான பதில்களை அதன் கீழேயே தனியாகச் சேர்த்து வைக்கும் திரெட்டின் அருமை 2022 ஆடியில்தான் எனக்கு உறைத்தது. 17, 19 இரண்டு மெசினைப் பற்றியும் ஒரே சேனலில், அதாவது குழுவின் பொது உரையாடலில், பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. 19-ஐ மனதில் வைத்து, திரெட்டுக்குள் போகாமல் வெளியே "நிறுத்தியாச்சு" என்று போட்டேன். 17-இன் அடியில் நின்ற மூத்த டெக்னீசியன் உடனே கூப்பிட்டார். "மக்ளே, எந்த மெசின நிறுத்தியிருக்கு? பதினேழா, பத்தொம்பதா?" ஏறுகிறவர், மெசினை யாரும் ஓட்ட முடியாதபடி தானே பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் முறை எங்களிடம் உண்டு. இருந்தும் அன்று எனக்குக் கை நடுங்கியது. அதன்பிறகு ஒரு கோளாறுக்கு ஒரு திரெட், ஒவ்வொரு பதிலிலும் மெசின் எண். நிறுத்துவதும் ஓட்டுவதும் ஃபோனில் மட்டும்தான். கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் கணக்கு.

@சேனல் என்று போட்டால் ஆன்லைனில் இல்லாதவர்களுக்கும் அறிவிப்பு போகும். @ஹியர் அந்த நேரத்தில் ஆக்டிவாக இருப்பவர்களுக்கு மட்டும். இது தெரியாமல், இரவு ஷிப்ட் முடித்துத் தோவாளையில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பலமுறை எழுப்பியிருக்கிறோம். இரவில் எனக்கு ஏதாவது நினைவு வந்தால் காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருமுறை வேறு மெசினின் படத்தைப் போட்டுவிட்டான். எல்லோர் முன்னாலும் சேனலிலேயே அவனைக் கடிந்தார்கள். ஒரு வாரம் அவன் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. எங்கள் வேலையில் அதைவிட ஆபத்து வேறில்லை. இப்போது திருத்தம் தனிச் செய்தியில் போகிறது. சரியான விவரம் மட்டும், பெயர் சொல்லாமல், சேனலில் வரும்.

2022 செப்டம்பரில் இலவசத் திட்டத்தின் 10,000 செய்தி வரம்பு போய், 90 நாளுக்கு முந்தைய செய்திகள் தெரியாது என்ற வரம்பு வந்தது. முந்தைய ஆடியில் எழுதிய கியர்பாக்ஸ் எண்ணெய்க் கசிவு விவரம் தேடலில் வரவில்லை. தனியாகக் குறித்து வைக்காதது எங்கள் தவறு. பிறகு கட்டணத் திட்டத்துக்கு மாறினோம், பழையவை திரும்பத் தெரிந்தன. ஆனாலும் மெசின் வரலாறு இப்போது ரிஜிஸ்டரில்தான். இலவசத்தில் இருப்பவர்கள் கவனிக்கவும்: 2024 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் தாண்டியவை அழிக்கப்படுகின்றன.

எழுதச் சிரமப்படுகிற மூத்தவர்கள் குரல்பதிவு அனுப்புகிறார்கள். அதில் பாதி காற்றின் இரைச்சல். அவர்களை எழுதச் சொல்லி வற்புறுத்துவதில்லை. இரண்டு தடவை கேட்டு, மெசின் எண்ணோடு திரெட்டில் ஒரு வரி தட்டிவிடுகிறேன். அவர்கள் அதற்குக் கீழே பச்சை டிக் வைத்தபிறகுதான் அடுத்த வேலையை ஒதுக்குவேன்.