ரோஸ்கோப்பா, மாணிக்கக்கல் லீவரா?

பழைய சுவிஸ் பாக்கெட் கடிகாரம் வாங்கக் கிளம்புகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு வகைகளுக்கு இடையேதான்: பல்சக்கரத்தை நிறுத்தி நிறுத்தி விடும் சிறு நெம்புகோலில் (லீவர்) மாணிக்கக்கல் பதித்தது ஒன்று, கல்லுக்குப் பதில் எஃகு ஊசி வைத்த ரோஸ்கோப் மற்றொன்று.

விலை: ரோஸ்கோப் மலிவு. ஜெர்மனியில் பிறந்து சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் நகரில் தொழில் செய்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ரோஸ்கோப், 1867இல் அதைக் கொண்டுவந்தபோது வைத்த குறியே 20 பிராங்க், அதாவது கூலித் தொழிலாளிக்கும் எட்டும் விலை. நடுச்சக்கரத்தையே நீக்கி, பாகங்களை 57ஆகச் சுருக்கினார். லீவர் அன்றும் இன்றும் விலை கூடுதல்.

உழைப்பு: லீவரில் பல்சக்கரம் மோதுவது மாணிக்கக்கல்லில், தேய்மானம் மிகக் குறைவு. ரோஸ்கோப்பில் மெல்லிய எஃகு ஊசிகள், தேய்ந்துவிடும்.

வசதி: தொடக்ககால ரோஸ்கோப்பில் நேரம் மாற்ற, கண்ணாடியைத் திறந்து விரல்நுனியால் முள்ளைத் தள்ள வேண்டும். எனக்கு அதுதான் அழகு! சத்தமும் பலம், தலைமாட்டில் வைத்தால் தூக்கம் போய்விடும்.

போலி: சுவிட்சர்லாந்தில் 1888 வரை காப்புரிமைச் சட்டமே இல்லை. ரோஸ்கோப்பைப் பலரும் நகலெடுத்தார்கள். முகப்பிலுள்ள பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

தினமும் சட்டைப்பையில் வைத்து நேரம் பார்ப்பவருக்கு லீவர். திறந்து பார்த்துப் பழுதுநீக்கக் கற்பவருக்கு ரோஸ்கோப். உடைந்தாலும் பெரிய நஷ்டமில்லை.