சொட்டு, ஊறல், வெடிப்பு: வீட்டு நீர்க் கண்காணிப்புக் கருவிகளில் எது எதைக் கண்டுபிடிக்கும்?

வீட்டுக் குழாய்களில் ஏற்படும் கசிவைக் கண்டறிந்து கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் இப்போது பல வகைகளில் கிடைக்கின்றன. தரையில் வைக்கும் ஈரச் சென்சார், தண்ணீர் மீட்டரின் மேல் கட்டிவிடும் கருவி, குழாயை வெட்டாமல் வெளியிலிருந்து கவ்வும் மீயொலி மானி, மெயின் லைனை வெட்டி இடையில் பொருத்தும் வால்வுடன் கூடிய மானி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார் ஆகிய ஐந்தும் அவற்றில் முக்கியமானவை. எல்லா விளம்பரங்களும் ‘கசிவைக் கண்டுபிடிக்கும்’ என்ற ஒரே உறுதியைத்தான் தருகின்றன. ஆனால் சுவருக்குள் வினாடிக்கு ஒரு சொட்டு விழுவதும், ஃப்ளஷ் டேங்கிலிருந்து சத்தமின்றி நீர் இறங்குவதும், ஆளில்லாத வீட்டில் வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்டு போவதும் வெவ்வேறு சிக்கல்கள். ஒன்றைக் கச்சிதமாகப் பிடிக்கும் கருவி மற்றொன்றை முழுவதுமாகத் தவறவிடும். ஆகவே கருவிகளை விலையாலும் ஆப்பின் அழகாலும் ஒப்பிடுவதைவிட, இந்த மூன்று கசிவுகளின் முன் நிறுத்தி ஒப்பிடுவதே வாங்குபவருக்குப் பயன்படும்.

இதைப் பொருட்படுத்த வேண்டிய அளவுக்குக் கசிவு பெரிய விஷயமா என்ற கேள்விக்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் நாட்டு வீடுகளுக்குச் சொல்லும் கணக்கு ஒரு பதில். சராசரி வீடு ஒன்று ஆண்டுக்குக் கசிவில் இழக்கும் நீர் ஏறத்தாழ 10,000 கேலன், அதாவது சுமார் 37,800 லிட்டர். பத்து வீடுகளில் ஒன்று நாளொன்றுக்கு 90 கேலனோ அதற்கு மேலோ, அதாவது 340 லிட்டருக்குக் குறையாமல் இழக்கிறது. இந்த இழப்பில் பெரும்பகுதி கண்ணில் படாமல் நிகழ்கிறது என்பதால்தான் கருவியின் உதவி தேவைப்படுகிறது.

மூன்றில் கடினமான சோதனை சொட்டுக் கசிவுதான். ஒரு சொட்டை 0.25 மில்லி லிட்டர் என்று கொள்வது வழக்கம். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நிமிடத்துக்கு 15 மில்லி லிட்டர், மணிக்கு 0.9 லிட்டர், நாளொன்றுக்கு 21 லிட்டருக்குச் சற்று மேல். இந்த ஓட்டத்தை அளக்கச் சொன்னால் பெரும்பாலான மானிகள் கைவிரித்துவிடும். சொந்தமாகக் கருவி செய்து பார்ப்பவர்கள் விரும்பி வாங்கும் ஒய்எஃப்-எஸ்201 என்ற மலிவான சுழல்சக்கரச் சென்சாரின் அளவீட்டு வரம்பே நிமிடத்துக்கு 1 லிட்டரில்தான் தொடங்குகிறது. நம் சொட்டு அதில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. சக்கரம் அசையாது, ஆப்பில் பூஜ்யம் என்றே காட்டும். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் தரமான சுழல்சக்கர மானிகள் இதைவிட நுட்பமானவை என்றாலும், சக்கரத்தின் உராய்வை வெல்லும் அளவுக்கு நீர் ஓடியாக வேண்டும் என்ற கட்டுப்பாடு அவற்றுக்கும் உண்டு.

மீயொலி மானிக்குச் சுழலும் பாகமே இல்லை என்பதால் அது இந்தச் சிக்கலிலிருந்து தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை முறையைச் சற்று அருகில் பார்த்தால் நிலைமை விளங்கும். நீரோட்டத்தின் திசையில் ஓர் ஒலித்துடிப்பும் எதிர்த்திசையில் இன்னொன்றும் அனுப்பப்படுகின்றன. ஓட்டத்தோடு செல்வது சற்று முன்னதாகவும் எதிர்த்துச் செல்வது சற்றுத் தாமதமாகவும் போய்ச் சேரும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து ஓட்டம் கணக்கிடப்படுகிறது. நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர். உள்விட்டம் 20 மில்லி மீட்டர் உள்ள குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும்போது, 10 சென்டி மீட்டர் தொலைவில் கிடைக்கும் வித்தியாசம் சுமார் 5 நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஐந்து பங்கு. சொட்டுக் கசிவுக்கு இது 0.1 நானோ வினாடிக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் வெப்பநிலை மாற்றமும் மின்சுற்றின் இரைச்சலும் கசிவைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழான ஓட்டத்தைப் பூஜ்யமாகக் கொள்ளும்படி இத்தகைய மானிகள் பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன. குழாயின் சுவரையும் ஊடுருவ வேண்டியிருக்கும் கவ்வு வகைக்கு இந்தச் சிரமம் இன்னும் கூடுதல். குழாய் பழையதாகவும் உள்ளே உப்புப் படிந்தும் இருந்தால், அதன் அளவீட்டை நம்பிச் சொட்டைத் தேடுவது வீண்.

இந்தச் சோதனையில் தனித்து வெல்வது ஓட்டத்தை அளக்கும் முறையல்ல, அழுத்தத்தைக் கவனிக்கும் முறை. மெயின் லைனில் வால்வுடன் பொருத்தப்படும் கருவி, வீட்டில் யாரும் நீர் பயன்படுத்தாத நேரத்தில் வால்வைத் தானே மூடிவிட்டு, அடைபட்ட குழாய்களில் அழுத்தம் குறைகிறதா என்று சில நிமிடங்கள் பார்க்கும். மோயன் நிறுவனத்தின் ஃப்ளோ, ஃபின் நிறுவனத்தின் ஃபின் பிளஸ் ஆகியவை இவ்வகைக் கருவிகள். நீர் அநேகமாகச் சுருங்காத பொருள் என்பதே இம்முறையின் பலம். கெட்டியான குழாய்களில் 10 லிட்டர் நீர் அடைபட்டிருந்தால், அழுத்தம் 1 பார் (அழுத்தத்தின் அலகு) குறைவதற்கு அரை மில்லி லிட்டருக்கும் குறைவான நீர், அதாவது இரண்டே சொட்டு, வெளியேறினால் போதும். நடைமுறையில் குழாய்கள் சற்று விரிந்து சுருங்கும் என்பதால் இன்னும் பல சொட்டுகள் தேவைப்படும். நெகிழ்வான பிளாஸ்டிக் குழாய்களில் அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும். அப்படியிருந்தும், ஓட்ட மானிக்கு எட்டாத கசிவை இந்தச் சோதனை எளிதில் காட்டிக்கொடுக்கிறது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. சேமிப்புத் தொட்டி உள்ள கீசரில் 50 லிட்டர் வெந்நீர் இருந்து, அது ஒரே ஒரு டிகிரி ஆறினாலும் நீரின் கன அளவு சுமார் 25 மில்லி லிட்டர் சுருங்கும். இது நூறு சொட்டுக்குச் சமம். எங்கும் கசிவே இல்லாத வீட்டில்கூட இதனால் அழுத்தம் இறங்கி எச்சரிக்கை வரலாம். மாறாக, காற்று அடைத்த விரிவுத் தொட்டியோ அழுத்தத் தொட்டியோ இணைக்கப்பட்டிருந்தால், அது வெளியேறும் நீருக்கு ஈடுகொடுத்து உண்மையான கசிவை மறைத்துவிடலாம். ஆகவே ஒரு நாள் வரும் எச்சரிக்கையைக் கண்டு பிளம்பரை அழைக்காமல், தொடர்ந்து சில இரவுகள் அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பதும், கீசரை அணைத்து நன்கு ஆறவிட்ட பிறகு சோதனையைத் திரும்பச் செய்வதும் அவசியம்.

இரண்டாவதான ஃப்ளஷ் டேங்க் ஊறலில் நிலைமை தலைகீழாகிறது. டேங்கின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டால் நீர் பீங்கானின் ஓரமாக வழிந்து நேரே சாக்கடைக்குப் போகிறது. தரை நனைவதில்லை, எனவே தரைச் சென்சார் எத்தனை வைத்தாலும் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தரைச் சென்சார்களை மட்டும் வாங்கிவிட்டு வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று நிம்மதி கொள்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் இதே ஊறலை எளிய ஓட்ட மானிகூடப் பிடித்துவிடும். டேங்கின் மட்டம் சிறிது இறங்கியதும் நிரப்பு வால்வு திறந்து, சில வினாடிகள் நல்ல வேகத்தில் நீரை விட்டு மூடிக்கொள்ளும். சற்று நேரம் கழித்து மீண்டும் அதையே செய்யும். நள்ளிரவில் ஒரே இடைவெளியில், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் சிறு ஓட்டங்களாக இது பதிவாகும்.

மீட்டரின் மேல் கட்டும் கருவி தன் மதிப்பைக் காட்டும் இடம் இதுவே. ஃப்ளூம் போன்ற கருவிகள் மீட்டருக்குள் சுழலும் காந்தத்தின் புலத்தை வெளியிலிருந்து படிக்கின்றன. குழாயை வெட்ட வேண்டியதில்லை; பிளம்பர் தேவையில்லை; வாடகை வீட்டிலிருந்து போகும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். வாங்குவதற்கு முன்பு கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டு மீட்டர் காந்த இணைப்பில் இயங்கும் வகையாக இருக்க வேண்டும். மீயொலி முறையிலோ மின்காந்த முறையிலோ அளக்கும் புதிய மீட்டர்களில் சுழலும் காந்தம் இல்லாததால் இக்கருவிக்கு அங்கே படிப்பதற்கு எதுவும் கிடைக்காது.

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் ஒரே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகின்றன: ஒரு நாளில் எப்போதாவது ஓட்டம் பூஜ்யத்தைத் தொட்டாக வேண்டும், தொடவில்லையென்றால் எங்கோ கசிகிறது. இரவில் தானாக நிரம்பும் குடிநீர்ச் சுத்திகரிப்பானும், சொட்டுநீர்ப் பாசனமும், தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் நீர் மென்மையாக்கியும் உள்ள வீடுகளில் இந்தத் தர்க்கம் பொய்யான எச்சரிக்கைகளைத் தரும். அவற்றின் நேரங்களை ஆப்பில் பதிந்து வைக்காவிட்டால், சில வாரங்களில் எச்சரிக்கைகளையே பார்க்காமல் ஒதுக்கும் பழக்கம் வந்துவிடும். அதன் பிறகு கருவி இருந்தும் இல்லாததுதான்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் இறங்கும் வீடுகளைத் தனியே பேச வேண்டும். அங்கே அழுத்தம் குறைவு. தொட்டியிலிருந்து பல குழாய்கள் தனித்தனியாக இறங்குவதால் மெயின் லைன் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டி மானி பொருத்துவதும் கடினம். நீர்மட்டச் சென்சாரே இயல்பான தேர்வு. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் மட்டம் 1 மில்லி மீட்டர் இறங்கினால் 1 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். முன்பு சொன்ன சொட்டுக் கசிவு ஐந்து மணி நேர இரவில் மட்டத்தை 4.5 மில்லி மீட்டர் இறக்கும். மூடியில் மாட்டிக் கீழ்நோக்கி ஒலியனுப்பும் சென்சார் இதைக் காட்டுமா? காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் வினாடிக்கு 0.6 மீட்டர் மாறுகிறது. இரவில் தொட்டிக்குள் வெப்பநிலை 5 டிகிரி குறைந்தால், 1 மீட்டர் ஆழத்தை அளப்பதில் ஏறத்தாழ 9 மில்லி மீட்டர் பிழை நேரும். தேடும் கசிவைப்போல இரு மடங்கு. வெப்பநிலையையும் அளந்து திருத்தும் சென்சாராக இருந்தால் மட்டுமே இதை நம்பலாம். நீருக்குள் மூழ்கி அழுத்தத்தால் மட்டத்தை அறியும் வகை இதற்கு இன்னும் பொருத்தமானது. மிதவை வால்வு பழுதாகித் தொட்டி வழிவதைக் கண்டுபிடிக்க மட்டும் போதுமென்றால் எந்த எளிய மட்டச் சென்சாரும் சரியே.

மூன்றாவதான வெடிப்பைக் கண்டுபிடிப்பதில் போட்டியே இல்லை. எல்லாக் கருவிகளும் அதைக் காணும். நீர் வந்து சேரும் இடத்தில் இருந்தால் தரைச் சென்சாரும் அலறும். வேறுபாடு அதன் பின் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. உடைந்த குழாயிலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் பாய்கிறது என்று கொண்டால், வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் கழித்துத் திரும்புவதற்குள் 9,600 லிட்டர் வீட்டுக்குள் கொட்டியிருக்கும். மீட்டரில் கட்டிய கருவி இதை உடனே தெரிவிக்கும், ஆனால் நிறுத்த முடியாது. கைபேசி மௌனத்தில் இருந்தாலோ, சாவி வைத்திருக்கும் ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலோ அந்தச் செய்தியால் பயனில்லை. தானே மூடும் வால்வு கொண்ட கருவி மட்டுமே மனிதரை எதிர்பார்க்காமல் செயல்படுகிறது. வைஃபை துண்டிக்கப்பட்ட நிலையிலும் மூடும் முடிவைக் கருவியே எடுக்குமா, மின்தடையின்போது வால்வு இயங்குமா என்ற இரண்டையும் வாங்கும் முன் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். தீயணைப்புத் தெளிப்பான்களுக்குப் போகும் குழாய் அந்த வால்வுக்குப் பின்னால் வரக் கூடாது.

சொந்த வீடும், அழுத்தத்தோடு வரும் ஒற்றை மெயின் லைனும் உள்ளவர்கள் அழுத்தச் சோதனை செய்யும் வால்வுக் கருவியையே வாங்க வேண்டும் என்பது என் துணிபு. விலையும் பிளம்பர் கூலியும் கூடுதல் என்றாலும், மூன்று கசிவுகளையும் எதிர்கொள்வது அது ஒன்றே. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மீட்டரில் கட்டும் கருவியும், கீசர், வாஷிங் மெஷின், சமையலறைத் தொட்டியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஒவ்வொரு தரைச் சென்சாரும் போதுமானவை. கவ்வு வகை மீயொலி மானியை, குழாயை வெட்டவே கூடாத, மீட்டரும் எட்டாத வீடுகளுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். மாதச் சந்தா கட்டினால்தான் முழு விவரமும் கிடைக்கும் என்ற நிபந்தனையையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் நீர்ப் பயன்பாடு துல்லியமாகச் சொல்லிவிடும் என்பதால், அந்தத் தரவு யாரிடம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன், செலவில்லாத இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். இரண்டு மணி நேரம் நீரையே தொடாமல் இருந்து, தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டரைப் படித்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் கசிவு இருக்கிறது. ஃப்ளஷ் டேங்கில் சில துளி உணவு வண்ணத்தை விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நீர் இழுத்துவிடாமலேயே கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் ரப்பர் மூடியை மாற்றுவதுதான் முதல் வேலை. அதையும் சரிசெய்த பிறகு வால்வுக் கருவியைப் பொருத்துபவர்கள், மாதம் ஒருமுறை அந்த வால்வை ஆப்பின் மூலம் முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். உப்பு நீர் வரும் வீடுகளில் நெடுநாள் அசையாமல் கிடக்கும் வால்வு உப்புப் படிந்து இறுகிவிடும்; மூடிய பிறகு ஒரு குழாயைத் திறந்து நீர் முழுவதும் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால் அது உண்மையில் மூடியதா என்பது தெரிந்துவிடும்.