ஒரே கணினி, பல பேர் லாகின்: எந்த பிரவுசர் தாங்கும்?

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஒரு நாள் நடக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். வருமானச் சான்றுக்கு ஒருவர், ரயில் டிக்கெட்டுக்கு ஒருவர், அழகப்பா பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஒரு பிள்ளை, இடையிடையே கடைக்காரரின் சொந்த வாட்ஸ்அப் வெப். கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகளிலும் கதை இதுதான். வரவேற்பறையில் ஒரு கணினி, மூன்று புக்கிங் தளங்களின் லாகின், இரண்டு ஜிமெயில். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவருக்கு ஆர்டர் எடுக்க ஒரு வாட்ஸ்அப் எண், சொந்தத்துக்கு ஒன்று.

பிரவுசர் ஒப்பீடு என்று எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு கணினி, ஒரு கணக்கு என்ற கணக்கில்தான் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் அப்படி இல்லை. அதனால் இந்த அலசலில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலர் கை படும் கணினிக்கு ஃபயர்ஃபாக்ஸ். குரோமும் எட்ஜும் பக்கத்தில் இருக்கட்டும், அவற்றுக்கும் வேலை உண்டு. வீட்டில் நீங்கள் ஒருவர்தான், ஒரே ஜிமெயில்தான் என்றால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. குரோமிலேயே இருந்துகொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபேரா, விவால்டி எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது ஒரே குரோமியம் எஞ்சின். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற தன் சொந்த எஞ்சினில் ஓடுகிறது. அன்றாட வேலையில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேக வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். முகப்பில் ரௌட்டரை வைத்துவிட்டு, வளவு என்ற உள்முற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டில் உட்கார்ந்து பக்கம் திறக்கவில்லை என்றால் அது சுவரின் வேலை. அதற்காக பிரவுசரை மாற்றிப் பயனில்லை.

ரேம் விஷயம் வேறு. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் எந்த பிரவுசரும் பத்துப் பதினைந்து டேபுக்கு மேல் மூச்சு வாங்கும். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை இயக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸ், நினைவகம் குறையும்போது பயன்படுத்தாத டேப்களைத் தானே இறக்கிவைக்கும். எந்த டேப் தின்கிறது என்று பார்க்க இரண்டிலும் மெனு, மோர் டூல்ஸ், டாஸ்க் மேனேஜர். பெரும்பாலும் குற்றவாளி விளம்பரம் கொட்டிக் கிடக்கும் ஏதாவது செய்தித் தளமாகவே இருக்கும்.

இனி முக்கியமான விஷயம்.

ஜிஎஸ்டி தளத்தில் ஒரு வாடிக்கையாளர் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த டேபில் இன்னொருவர் கணக்கைத் திறந்தால் முதல் கணக்கு கழன்று விழும், அல்லது எந்தப் பக்கம் யாருடையது என்று குழம்பும். காரணம் குக்கி. நீங்கள் யார் என்று ஒரு தளம் நினைவு வைத்துக்கொள்வது குக்கியை வைத்துத்தான். சாதாரணமாக ஒரு பிரவுசரில் ஒரு தளத்துக்கு ஒரே குக்கி டப்பா.

இதற்கு குரோம் சொல்லும் வழி ப்ரொஃபைல். ஒவ்வொரு கணக்குக்கும் தனி ப்ரொஃபைல், தனி விண்டோ, தனி எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்க்கும் கூடுதல் கருவிகள்). பிரிவினை சுத்தமானது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து ப்ரொஃபைலை ஒன்றாகத் திறந்தால் ஐந்து குரோம் ஓடுகிற பாரம். ரேம் குறைந்த கணினியில் அது நடக்காது. டாஸ்க்பாரில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஐந்து ஐகான் வரிசையாக நிற்கும், அவசரத்தில் எது யாருடையது என்று சட்டெனத் தெரியாது.

ஃபயர்ஃபாக்ஸில் மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்று மொசில்லாவே தரும் இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம்: பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பது போல. ஒரே வீடு, ஒரே வளவு, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அறை, தனிச் சாவி, தனிச் சமையல். ஒரே விண்டோவில் ஐந்து டேப், ஐந்திலும் ஜிஎஸ்டி தளம், ஐந்திலும் வெவ்வேறு ஆள். ஒன்றின் குக்கி மற்றொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு டேபின் தலையிலும் அந்தந்த நிறக் கோடு இருப்பதால் ஆள் மாறாது. இரண்டு வாட்ஸ்அப் எண்களையும் பக்கத்துப் பக்கத்து டேபில் திறந்து வைக்கலாம்.

அமைக்கும் விதம் இதுதான். எக்ஸ்டென்ஷனை ஏற்றியதும் பெர்சனல், ஒர்க், பேங்கிங், ஷாப்பிங் என்று நான்கு கன்டெய்னர் தயாராக இருக்கும். மேனேஜ் கன்டெய்னர்ஸ் போய் அவற்றின் பெயரை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள், ஆளுக்கு ஒரு நிறம் கொடுங்கள். பிறகு டேப் வரிசையில் உள்ள கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால் பட்டியல் விழும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, 'இந்தத் தளத்தை எப்போதும் இந்தக் கன்டெய்னரில் திற' என்ற வசதி. ஒரே ஒரு கணக்கு உள்ள தளத்துக்கு இது நல்லது. ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் போல பல கணக்கு உள்ள தளத்துக்கு வைத்தால் ஒவ்வொரு முறையும் எந்தக் கன்டெய்னர் என்று கேட்டு உயிரை எடுக்கும். வங்கித் தளத்துக்கு இதை வைப்பதில்தான் பெரிய ஆபத்து. ரயில் டிக்கெட் டேப் ஒரு கன்டெய்னரில் இருக்கும். பணம் கட்ட நெட் பேங்கிங் பக்கம் திறக்கும்போது பிரவுசர் அதைத் தூக்கி பேங்கிங் கன்டெய்னரில் போடும். கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது டிக்கெட் தளத்துக்கு உங்களை அடையாளம் தெரியாது. பணம் போயிருக்கும், டிக்கெட் வந்திருக்காது. ஆகவே பணம் கட்டும் வழியில் வரும் எந்தத் தளத்துக்கும் 'எப்போதும்' என்பதை வைக்காதீர்கள்.

இரண்டாவது, கன்டெய்னர் பிரிப்பது குக்கி போன்ற தள விவரங்களை மட்டும். ஹிஸ்டரி, புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் பொதுதான். ஒருவர் கணக்கைத் திறக்கும்போது பாஸ்வேர்டுப் பட்டியலில் மற்றவர் பெயரும் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, கன்டெய்னரில் செய்த லாகின் அங்கேயே தங்கும். லாக்-அவுட் செய்யாமல் டேபை மூடினால் அடுத்து திறக்கும்போது கணக்கு அப்படியே இருக்கலாம். தினமும் கையாளும் கணக்குகளுக்குத்தான் கன்டெய்னர். வழியில் வந்து போகிறவர்களுக்கு, மூடியதும் குக்கியை மறந்துவிடும் பிரைவேட் விண்டோ (குரோமில் இதன் பெயர் இன்காக்னிட்டோ). பிரைவேட் விண்டோவுக்குள் கன்டெய்னர் வேலை செய்யாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இன்காக்னிட்டோ, பிரைவேட் விண்டோ ஒவ்வொன்றும் தனித்தனி என்று ஒரு பொதுவான தவறான எண்ணம் இருக்கிறது. உண்மையில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் எல்லா இன்காக்னிட்டோ விண்டோவும் ஒரே குக்கி டப்பாவைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கடைசி விண்டோவை மூடினால்தான் அது காலியாகும். முதல் ஆளின் டிஜிலாக்கர் திறந்திருக்க, இரண்டாவது ஆளுக்கு இன்னொரு இன்காக்னிட்டோ விண்டோ திறந்தால் அங்கேயும் முதல் ஆளே இருப்பார். ஓர் ஆள் முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு அடுத்தவரை அழைக்க வேண்டும். இறக்கிய கோப்புகளும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். அது ரகசியமே இல்லை. அச்சு எடுத்ததும் ஷிஃப்ட், டெலீட் சேர்த்து அழுத்தி அழித்துவிடுங்கள்.

குரோமில் இன்னொரு வலி உண்டு. 2018-இல் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து, ஜிமெயிலில் நுழைந்தால் பிரவுசரையும் அந்தக் கணக்கோடு சேர்க்கும் பழக்கம் அதற்கு வந்துவிட்டது. இப்போது சில இடங்களில் கேட்டுவிட்டுச் சேர்க்கிறது. அவசரத்தில் வாடிக்கையாளர் 'சரி' என்று தட்டிவிட்டால், அதன்பின் சேமிக்கும் பாஸ்வேர்டு அவர் கூகுள் கணக்குக்குப் போகும். கடையின் மின்கட்டணத் தள பாஸ்வேர்டு யாரோ ஒருவர் போனில் போய் உட்காரும். குரோமை விடமுடியாது என்றால் செட்டிங்ஸில் யூ அண்ட் கூகுள் பகுதிக்குப் போய் 'அலவ் குரோம் சைன்-இன்' என்பதை அணைத்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ஜிமெயில் வேறு, பிரவுசர் வேறு. இந்தக் குழப்பமே கிடையாது.

பாஸ்வேர்டு சேமிப்பிலும் இதே கதை. குரோமில் சேமித்த பாஸ்வேர்டைப் பார்க்க விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும். ஆனால் கடைக் கணினிகளில் விண்டோஸ் பாஸ்வேர்டை எல்லோருக்கும் சொல்லி வைத்திருப்போம், அல்லது வைத்திருக்கவே மாட்டோம். ஃபயர்ஃபாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு என்று விண்டோஸோடு ஒட்டாத தனிப் பூட்டு உண்டு. செட்டிங்ஸில் பாஸ்வேர்டு பகுதியில் இருக்கிறது, தானாக இயங்காது, நாம்தான் வைக்க வேண்டும். பிரவுசரைத் திறந்த பின் ஒருமுறை கேட்கும், அதற்குப் பிறகு மூடும்வரை திறந்தே இருக்கும். சாப்பிடப் போகும்போது பிரவுசரை மூடிவிட்டுப் போங்கள். பிரைமரி பாஸ்வேர்டு மறந்துபோனால் சேமித்த பாஸ்வேர்டு அத்தனையும் போய்விடும் என்பதால் ஒரு நோட்டில் எழுதிப் பெட்டகத்தில் வைப்பது நல்லது.

விளம்பரத் தடுப்பு அடுத்த காரணம். ஹால் டிக்கெட், ரிசல்ட் என்று தேடிப் போகும் இடைத்தரகுத் தளங்களில் 'டவுன்லோட்' என்று மூன்று பச்சைப் பொத்தான் இருக்கும், மூன்றும் விளம்பரமாக இருக்கும். புதுப் பையன் அதைத் தட்டி ஏதாவது ஒன்றை ஏற்றிவிடுவான். இதற்கு யூபிளாக் ஆரிஜினை விட நல்ல தடுப்பான் எனக்குத் தெரிந்து இல்லை. எக்ஸ்டென்ஷன்களுக்கான மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது விதிமுறையால் குரோமில் அது 2025 நடுவில் முழுக்க நின்றுபோனது. பழைய முறையில் தடுப்பான், பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து முடிவெடுக்கும். புது முறையில் விதிப் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், முடிவு பிரவுசர் கையில். குரோமுக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் கிடைக்கிறது, சாதாரண விளம்பரத்துக்கு அது போதும். முழுப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸில் இன்றும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கே இடமில்லை.

தளங்கள் 'அலவ்' கேட்டு அனுப்பும் அறிவிப்புத் தொல்லையையும் இதோடு முடித்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், பிரைவசி, பெர்மிஷன்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்ப் புதுக் கோரிக்கைகளை மொத்தமாகத் தடுத்துவிடலாம். கணினியில் வைரஸ் என்று கொண்டுவரப்படுவதில் பல, இந்த அறிவிப்புகள்தான்.

அந்தரங்கம் என்று பார்த்தால் ஃபயர்ஃபாக்ஸை அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். ஒரு தளத்தின் குக்கியை இன்னொரு தளம் பார்க்க முடியாதபடி பிரித்து வைப்பது 2022 முதல் அதில் இயல்பாகவே உள்ளது. கூகுளோ மூன்றாம் தரப்புக் குக்கியை, அதாவது நாம் பார்க்கும் தளத்துக்கு வெளியே உள்ளவர் வைக்கும் குக்கியை, நீக்குவதாகப் பல வருடம் சொல்லிவிட்டுப் பின்வாங்கியது. ஆனால் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை முதலில் வைப்பதற்குக் கூகுள் தரும் பணம். 2025 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸுக்குப் பயன்பாட்டு விதிகளை முதன்முறையாகக் கொண்டுவந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பிரைவசி பகுதியின் கீழே உள்ள டேட்டா கலெக்ஷன் பெட்டிகளை எடுத்துவிடுங்கள்.

பிரேவ்? தடுப்பான் உள்ளேயே இருக்கிறது, ஏற்றினால் போதும், எதையும் அமைக்க வேண்டாம். குரோம் பழகிய கைக்கு மாற்றமே தெரியாது. வீட்டுப் பெரியவர்கள் போனில் போட்டுக்கொடுக்க நல்லது. ரிவார்ட்ஸ், வாலட் பொத்தான்களை மட்டும் மறைத்துவிடுங்கள். 2020-இல் முகவரிப் பட்டையில் தன் கமிஷன் இணைப்பைச் சேர்த்து மாட்டிக்கொண்டது, பிறகு திருத்தியது. அந்த நெருடல் எனக்கு இன்னும் போகவில்லை.

எட்ஜுக்கு இரண்டு காரணம். பழைய அரசுத் தளம் ஏதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கேட்டால் அதைப் போலவே நடந்துகொள்ளும் ஐஇ மோட் எட்ஜில் உண்டு, 2029 வரையாவது அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும் ரீட் அலவுட். பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் தமிழ்க் குரல்கள் பக்கத்தைப் படித்துக் காட்டும். கண் மங்கிய ஆச்சிமாருக்குச் செய்தி கேட்க இதைவிட எளிய வழி இல்லை.

குரோமை அடியோடு எடுத்துவிட முடியாததற்கும் காரணம் உண்டு. ஆங்கிலப் பக்கத்தை ஒரே தட்டில் தமிழாக்குவது, கூகுள் டாக்ஸில் தமிழில் பேசித் தட்டச்சு செய்வது இரண்டுக்கும் குரோம்தான் வசதி. டாக்ஸின் குரல் தட்டச்சு ஃபயர்ஃபாக்ஸில் வேலை செய்யாது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் வேலையையும் குரோமிலோ எட்ஜிலோ செய்வது நல்லது. ஃபயர்ஃபாக்ஸ் யாரை நம்பலாம் என்று தனக்கென்று தனிச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால், கையொப்ப மென்பொருள் விண்டோஸில் சேர்த்த சான்றிதழைச் சில சமயம் நம்ப மறுக்கும். ஃபயர்ஃபாக்ஸில்தான் செய்தாக வேண்டும் என்றால் செட்டிங்ஸின் சர்டிஃபிகேட்ஸ் பகுதியில் மூன்றாம் தரப்பு ரூட் சான்றிதழ்களை நம்பும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாறுவதென்றால் ஃபயர்ஃபாக்ஸின் இம்போர்ட் வசதியே புக்மார்க்கை எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு நேரடியாக வராவிட்டால் குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து இங்கே ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். ஏற்றி முடித்த அந்த நிமிடமே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிறகு குரோமில் சேமித்திருந்தவற்றையும் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டில்லாத பழைய பெட்டி அப்படியே இருக்கும்.