தின்னர் துணியில் ஒட்டி வந்த வெள்ளை: ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கக் கொடுப்போர் கவனத்திற்கு

குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றில் ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. கடந்த சித்திரையில் கரையேற்றும்போது வள்ளம் பாறையில் உரசியது. அணியத்துக்கு (முன்முனைக்கு) அருகே இடப்பக்கத்தில் ஏறத்தாழ ஐந்தடி நீளத்துக்கு, வள்ளத்தின் வெளிப்பூச்சான ஜெல் கோட் கீறி, மூன்று இடங்களில் உள்ளே இருக்கும் கண்ணாடியிழை விரிப்பான மேட் தெரியும் அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யக் கொடுத்து நான் எப்படி ஏமாந்தேன் என்பதை, ஆவணி பிறந்துவிட்ட இந்த வேளையில் வள்ளங்களைச் செப்பம் செய்யக் காத்திருக்கும் மற்றவர்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

நாகர்கோவிலை அடுத்து நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு ஃபைபர் பட்டறையை நண்பர் ஒருவர் காட்டினார். பட்டறைக்காரர் எங்கள் கரைக்கே வந்து, வள்ளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரிஜினல் ஜெல் கோட் வச்சு கண்ணாடி மாதிரி ஆக்கித் தாறேன், ரெண்டு நாள் போதும்" என்றார். கூலியும் பொருளும் சேர்த்து 18,000 ரூபாய் பேசி, 10,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். அவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டில் 'வள்ளம் வேலை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. எந்தப் பொருளைப் பயன்படுத்துவார் என்று எழுதச் சொல்லாதது என் தவறு. வேலை நடந்த இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை. மூன்றாம் நாள் அந்திவெயிலில் போய்ப் பார்த்தபோது, பழுதுபட்ட இடத்தில் தென்னை ஓலையின் கீற்றுகளை எண்ணும் அளவுக்கு நிழல் விழுந்தது. மனம் குளிர்ந்து மீதிப் பணத்தையும் கொடுத்தேன்.

மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. முதலில் மினுக்கம் மங்கிப் பால் படர்ந்தது போலானது. பிறகு வலைக்கயிறு உரசிய இடத்தில் ஒரு சிறு கொப்புளம் எழும்பியது. அதை நகத்தால் நெருடியதும், முட்டையின் உள்தோலைப் போல ஒரு மெல்லிய ஏடு கையோடு உரிந்து வந்தது. அதன் அடியில் இருந்தது கார்ப் பட்டறைகளில் நசுங்கிய தகட்டுக்குப் பூசும் சாம்பல்நிறப் பட்டி. கடல்நீரில் ஊறி, அழுத்தினால் விரல் பதியும் நிலையில் அது இருந்தது.

குளச்சலில் நெடுங்காலமாக ஃபைபர் வேலை செய்துவரும் மூத்த தொழிலாளர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் வாயால் எதுவும் சொல்வதற்கு முன், ஒரு வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து, பழுது இல்லாத பழைய பகுதியில் அழுத்தித் தேய்த்தார். துணியில் அழுக்கைத் தவிர எதுவும் ஒட்டவில்லை. பிறகு பட்டறைக்காரர் செய்த இடத்தைக் கறுப்புத் துணியால் அதேபோல் தேய்த்தார். மேற்பரப்பு பிசுபிசுத்து, துணியில் வெள்ளை வழித்து எடுத்தது போல ஒட்டி வந்தது. "மக்களே, இது ஜெல் கோட் இல்ல, காருக்கு அடிக்கிற பெயிண்டு" என்றார். ஜெல் கோட் என்பது நிறமி சேர்த்த பாலியஸ்டர் ரெசின். அது காய்வதில்லை, கேட்டலிஸ்ட் சேர்ந்து வேதிவினையால் இறுகுகிறது. முழுவதும் இறுகிவிட்டால் சாதாரணத் தின்னர் அதைக் கரைக்காது, ஆவியாகிக் காயும் பெயிண்டைக் கரைத்துவிடும். இவ்வளவு எளிய சோதனையைப் பணம் கொடுப்பதற்கு முன்பு நான் செய்யாமல் போனேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று கண்ட கண்ணாடி மினுக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே விளக்கினார். பெயிண்டின் மேல் சிலிக்கான் கலந்த பாலிஷை வழித்திருக்கிறார்கள். அது கீறல்களை நிரப்பி எதையும் பளபளக்கச் செய்யும். சில கடல் ஓட்டத்தில் கழுவிப் போய்விடும். போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. சிலிக்கான் எச்சம் இருக்கும் இடத்தில் புதிதாகப் பூசும் ஜெல் கோட் பரவாமல், மீன்கண் போலக் குழிகுழியாக விலகி நிற்கும். துடைக்காமல் தேய்த்தால் அது இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே வேறு எந்த வேலைக்கும் முன்னால், ஒரு துணியால் அசிட்டோன் தேய்த்து, அது உலர்வதற்குள் மறு துணியால் வழித்தெடுத்து, துணிகளை மாற்றி மாற்றி அந்த இடத்தைச் சுத்தம் செய்வதிலேயே ஒரு பகல் கழிந்தது. பட்டறைக்காரரின் ஆட்கள் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக்கூடக் கழுவவில்லை என்று, கூட நின்ற என் தம்பி அப்போதுதான் சொன்னான்.

சரியான வேலை எப்படி நடக்கும் என்பதை, அந்த மூத்த தொழிலாளர் செய்த இரண்டாம் முறை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பட்டியை முழுவதும் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, தார்ப்பாய் கட்டி நான்கு நாள் உலரவிட்டார்கள். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டதால் அதற்கு மேலும் ஒரு நாள் காத்திருந்தோம். ஈரம் உள்ள இழை மேட்டின் மேல் ரெசின் பிடிக்காது. உடைந்த ஓரங்களைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்த்து, மேட் தெரிந்த மூன்று இடங்களிலும் ரெசின் நனைத்த மேட்டை இரண்டு அடுக்காக வைத்தார். நிறம் சேர்ப்பதற்கு முன், பழைய பகுதியில் ஓரிடத்தைப் பாலிஷ் செய்து, வெயிலில் வெளுத்த மேல்தோலை நீக்கி, அடியிலுள்ள உண்மை நிறத்தோடுதான் ஒப்பிட்டார்.

ஜெல் கோட் ஒரு கிலோவுக்குக் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். அதைக் கண்ணளவில் ஊற்றாமல் அளவுக்குழாயில் எடுத்தார். குறைந்தால் ஒருபோதும் சரியாக இறுகாது. கூடினால் நொறுங்கும், நிறமும் மாறும். (வீட்டில் தாங்களே செய்ய முனைவோர் ஒன்றை மறக்கக் கூடாது: ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.) சாதாரண ஜெல் கோட்டின் மேற்பரப்பு காற்றுப்பட்டால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்காக மெழுகுக் கரைசல் கலப்பார்கள், அல்லது பாலித்தீன் தாளைக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி மூடுவார்கள். அவர் தாள் ஒட்டினார். சுற்றுப்பரப்பைவிடச் சற்று உயரமாகப் பூசி, மறுநாள் தாளை உரித்து, நகத்தை ஊன்றிப் பார்த்து, தடம் விழவில்லை என்று தெரிந்த பிறகே வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

மினுக்கம் உண்டாவது இந்தத் தேய்ப்பில்தான். 320 எண் தாளில் தொடங்கி, 400, 600, 800, 1000, 1500 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் பென்சிலால் அந்த இடம் முழுவதும் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துக்கொண்டார். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிந்தால் பரப்பு சமமாகியிருக்கிறது என்று பொருள். எங்காவது கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம். முந்தைய எண்ணின் கீறலை அடுத்த எண் முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத் தேய்க்கும் திசையையும் ஒவ்வொரு முறையும் மாற்றினார். ஜெல் கோட் மொத்தமே அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும் என்பதால், மேடு தட்டையானதும் கையை இலகுவாக்கிவிட்டார். பிறகு ரப்பிங் காம்பவுண்ட் பூசி, கம்பளிப் பேடு மாட்டிய பஃபிங் இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஓட்டினார். நின்றால் சூடேறிப் பரப்பு கருகிவிடும். அது பளபளத்ததும் நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ சோப்புநீரால் கழுவித் துடைத்தார். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துவிடும் என்றார். அப்படியே, கழுவியதும் மெல்லிய வட்டக்கீறல்கள் வெளியே தெரிந்தன. அவை போகும்வரை மீண்டும் தேய்த்து, கடைசியில் மெழுகு பூசினார். காத்திருந்த நாள்களையும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

பட்டறைக்காரரிடம் பணம் கேட்கப் போனபோது, "உப்புத்தண்ணியில கிடந்தா எந்தப் பெயிண்டும் போகத்தான் செய்யும்" என்றார். ஜெல் கோட் என்று சொல்லி வாங்கிய பணத்துக்குப் பெயிண்ட் அடித்ததை அவர் வாயே ஒப்புக்கொண்டது. பணம் மட்டும் திரும்பவில்லை. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிடலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆனால் என்னிடம் இருப்பதோ 'வள்ளம் வேலை' என்ற சீட்டு மட்டுமே. ஆகவே வேலை கொடுக்கும் முன் பொருளின் பெயரை, அதாவது 'ஜெல் கோட்' என்ற சொல்லை, பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டு நாளில் கண்ணாடி போலாக்கித் தருவதாகச் சொல்பவரிடம், பரப்பை எத்தனை நாள் உலரவிடுவார் என்று கேளுங்கள். மீதிப் பணத்தைத் தின்னர் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.

நேற்று மாலை அடுத்த ஊர்க் கரையில் அதே பட்டறை ஆட்கள் வேறொருவர் வள்ளத்தின் பக்கத்தில் பட்டி டப்பாவைத் திறந்து வைத்திருந்ததைக் கண்டேன். உரிமையாளரைத் தனியே அழைத்து, உரிந்த ஏட்டைக் கையில் கொடுத்துக் காட்டினேன். அவர் வேலையை நிறுத்திவிட்டார். முன்பணமாகக் கொடுத்த 6,000 ரூபாயைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.